வகுப்பில் பேசிய பதினோரு நிமிடம்

செப்டம்பர் 30, திங்கள்

நெதர்லாந்துக்கு வந்து ஐந்து வாரம். இன்றும் மழை. நனைந்த கோட்டு நாற்காலியில் காய்கிறது, அறை முழுக்க ஈர நாய் வாசனை.

வகுப்பில் யோஸ்ட் என்கிற பையன் பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "மரைக்க, நீங்கள் சொல்வது தப்பு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரைக்கவுக்கு அறுபது வயது இருக்கும். அவர் கோபப்படவில்லை. "எங்கே தப்பு, சொல்" என்று பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். இதை மதுரையில் நான் படித்த கல்லூரியில் யாராவது செய்திருந்தால் மறுநாள் அவன் அப்பா வந்து நின்றிருப்பார்.

ஐந்து வாரத்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால்தான் நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணாம். வகுப்பறைக் கூரையில் ஒரு கேமரா உண்டு. பாடம் தொடங்கியதும் சிவப்புப் புள்ளி எரியும். பேசுவதெல்லாம் பதிவாகி மாலைக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் மாணவர்களுக்கு ஏறிவிடும். கீழே எழுத்து ஓடும், நாற்பது மொழிகளில். ஆர்வத்தில் தமிழைத் தட்டிப் பார்த்தேன். மரைக்க அரசாணைத் தமிழில் பேசினார். தனியாகச் சிரித்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

இன்றும் பேசவில்லை. துணி துவைக்கும் எந்திரத்துக்கு அடுத்த செவ்வாய்தான் நேரம் கிடைத்தது.

அக்டோபர் 7, திங்கள்

பேசிவிட்டேன்.

இன்றைய தலைப்பு, வீடு பாதுகாப்பான இடமா என்பது. ஆளாளுக்குச் சொந்த அனுபவத்தைச் சொன்னார்கள். ஒரு பெண் தன் அம்மா குடிப்பதைப் பற்றிச் சொன்னாள், பஸ் நேரத்தைச் சொல்வது மாதிரி. மரைக்க என் பக்கம் திரும்பி, "மோனிஷா, உனக்கு எதுவும் சொல்லத் தோன்றுகிறதா?" என்றார்.

சுகன்யா அக்கா கதையைச் சொன்னேன். எனக்குப் பதினான்கு வயதானபோது அவளுக்கு இருபது. கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்த இளவழகன் என்பவரை விரும்பினாள். வேறு சாதி. அப்பாவுக்குத் தெரிந்துபோனது. அக்காவை மாடி அறையில் ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். சாப்பாடு மேலே போகும், தட்டு கீழே வரும். அருப்புக்கோட்டையில் பக்கத்து வீட்டுக்குக்கூட மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருந்தோம். இளவழகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆன செய்தி வந்த பிறகுதான் அக்கா கீழே இறங்கி வந்தாள்.

பதினோரு நிமிடம் பேசினேன் என்று பதிவில் பார்த்தேன். யோஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருத்தி கேட்டாள். யாரோ அக்காவின் போனைக் காட்டிவிட்டார்கள் என்றேன். மரைக்க, "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்" என்றார்.

சைக்கிளில் திரும்பும்போது மழையே உறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிட்டத்தட்ட எல்லாவற்றையும்.

அக்டோபர் 9, புதன்

நூலகத்தில் இரண்டு மணி நேரம். முடியை நானே நறுக்கிக்கொண்டேன், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரசப்பொடி தீர்ந்துவிட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். கருத்துச் சுதந்திர வாரத்துக்கு என் பேச்சிலிருந்து இரண்டு நிமிடத்தைப் பொதுத்தளத்தில் போடப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும். பதில் எழுதவில்லை. வேலை அதிகம்.

அக்டோபர் 14, திங்கள்

போட்டுவிட்டார்கள். போன் பற்றி ஒருத்தி கேட்டதும் நான் சொன்ன பதிலும்கூட அதில் இருக்கிறது. மாலைக்குள் நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். உணவகத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் என் முடி இன்னும் நீளம், நன்றாகவே இருக்கிறேன்.

அக்டோபர் 16, புதன்

காலை ஒன்பதரைக்கு அம்மா கூப்பிட்டாள். ஊரில் மதியம் ஒரு மணி. அம்மா ஞாயிறு தவிர வேறு நாளில் கூப்பிட மாட்டாள்.

"என்னடி பேசி வச்சிருக்க?"

"எதம்மா?" என்றேன்.

"பெங்களூருல இருக்குற ஒஞ் சித்தப்பா மகன் அனுப்பிச்சு, இப்ப கடைவீதி பூராவும் பாத்துருச்சு. அப்பா கடையில ஒக்காந்திருக்கும்போதே ஒருத்தரு போனத் தூக்கிக் காட்டியிருக்காரு. ஷட்டர எறக்கிட்டு வந்து படுத்துட்டாரு. ஒன் பேர எடுக்கக் கூடாதுன்னுட்டாரு."

"அம்மா, நான் இங்கிலீஷ்லதானம்மா பேசுனேன்."

"கீழ தமிழ்ல ஓடுதேடி! ஒங்கக்காவ எவனோ வச்சிருந்தானாம்ல அஞ்சு மாசம்? அப்பிடியா சொன்ன நீயி?"

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். 'அவள் ஒரு ஆணை விரும்பினாள். அவள் ஐந்து மாதம் மேலே வைத்துக்கொள்ளப்பட்டாள்.' அப்படித்தான் எழுத்து ஓடுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'பூட்டி' என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. அப்பாவைப் பற்றி வெளியாட்களிடம் சொல்கிறோமே என்று கொஞ்சம் மென்மையாக, மாடியில் வைத்திருந்தார்கள் என்கிற மாதிரி சொன்னேன். எந்திரம் அதைத் தமிழாக்கியதும் அக்கா ஒருவனுடைய வைப்பாட்டியாக ஆகிவிட்டாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். விருதுநகரில் பள்ளிக்கூட டீச்சர். முரளி மாமா கூட்டுறவு வங்கியில் வேலை. நாலு வயதில் பெண் இருக்கிறாள். மாமாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

அக்காவுக்கு ஏழு செய்தி அனுப்பினேன். ஏழுக்கும் நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மரைக்கவின் அறைக்குப் போய், அதை எடுத்துவிட வேண்டும் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன்னை யாராவது மிரட்டுகிறார்களா?"

"இல்லை."

"உன் அப்பா?"

"அவர் என்னோடு பேசவே இல்லை."

"அதுவும் மிரட்டல்தான், மோனிஷா. இப்போது எடுத்தால் உன் வாயை அவர்கள் மூடியதாக ஆகும். உன் பின்னால் இந்தப் பல்கலைக்கழகமே நிற்கிறது."

அவர் கண்ணில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் மற்றதைச் சொல்லவிடவில்லை. தமிழ் எழுத்தில் உள்ள பிழையைச் சொன்னேன். உடனே சரிசெய்யச் சொல்வதாகக் குறித்துக்கொண்டார். பிறகு, நான் எழும்போது, சாதாரணமாகக் கேட்டார்: "உன் அக்காவின் சம்மதத்தோடுதானே சொன்னாய்?"

தலையை ஆட்டினேன். நாம் ஆட்டுகிற ஆட்டம் இவர்களுக்குப் புரிவதில்லை. எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

துறையின் பெயரில் அறிக்கை போட்டிருக்கிறார்கள். 'மோனிஷாவின் பேச்சுரிமைக்குத் துணை நிற்கிறோம்.' முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்து. யோஸ்டின் பெயர் முதலில். கீழே அந்த வீடியோவை மறுபடியும் ஒட்டியிருக்கிறார்கள். இப்போது பார்த்தவர்கள் அறுபதாயிரம். தமிழ் வரியைத் திருத்திவிட்டார்கள். ஊரில் சுற்றுவது பழையது.

யோஸ்ட் வழியில் நிறுத்தி, "பயப்படாதே, நாங்கள் விடமாட்டோம்" என்றான். நன்றி என்றேன்.

அக்டோபர் 19, சனி

முரளி மாமா கூப்பிட்டார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டதே இல்லை.

"மோனி, ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லு. யாரு வச்சிருந்தது?"

"யாரும் இல்ல மாமா. அது தப்பா வந்துருக்கு. அப்பாதான்... மாடி ரூம்ல பூட்டி வச்சிருந்தாரு. அஞ்சு மாசம்."

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போவது மட்டும் கேட்டது.

"ஒங்கப்பாவா? பூட்டியா?"

"ஆமா."

"ஆறு வருசமா ஒரே வீட்ல இருக்கோம். எங்கிட்ட அவ சொல்லல. ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்ல ஒனக்கு எப்பிடிம்மா மனசு வந்துச்சு?"

அவரே தொடர்ந்தார்:

"வியாழக்கெழம பள்ளிக்கூடத்துல டீச்சருக எல்லாம் அதப் போட்டுப் பாத்துருக்காக. பெத்தவங்க பேசுறாங்க, கொஞ்ச நாளு லீவு போடுங்கன்னு எச்செம் டீச்சரம்மா சொல்லியிருக்காக. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு மத்தியானம் கேட்டத் தாண்டிப் போனவதான். ரெண்டு நாளாச்சு. போன் ஆப்ல இருக்கு."

எந்தக் கேட்டு, எந்தப் பக்கம் போனாள் என்றெல்லாம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கிணறு, தண்டவாளம் என்று என் புத்தி எங்கெங்கோ போனது. அதை எழுதக் கூடாது.

அக்டோபர் 20, ஞாயிறு

தகவல் இல்லை. அரிசி அடிப்பிடித்துவிட்டது. பாத்திரத்தை அரை மணி நேரம் தேய்த்தேன்.

போலீசுக்குப் போகலாமா என்று மாமா கேட்டதற்கு அப்பா, வேண்டாம், இன்னும் அசிங்கமாகும் என்றாராம். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். மாமா கேட்காமல் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

நான் இங்கே படிக்க வந்ததே அப்பாவால்தான். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று பெரியப்பாக்கள் கூடி உட்கார்ந்து பேசியபோது, "எம் புள்ள போவா" என்று எழுந்துபோனவர். விமான நிலையத்தில் என் பெட்டியை யாரையும் தொடவிடவில்லை.

யாரோ போனைக் காட்டிவிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னேன். அந்த வார்த்தையை இன்று முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். யாரோ.

அக்டோபர் 21, திங்கள்

வகுப்புக்கு முன்பே மரைக்கவின் அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

"என் அக்கா சம்மதிக்கவில்லை. அவளிடம் நான் கேட்கவே இல்லை. அவள் புருஷனுக்கு இது தெரியாது. நாலு நாளாக அவளையும் குழந்தையையும் காணவில்லை."

மரைக்க கையிலிருந்த பேனாவை மூடினார்.

"ஆமாம் என்று சொன்னாயே."

"சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்."

"நீ என்னிடம் பொய் சொன்னாய், மோனிஷா." அவர் சத்தம் போடவில்லை. இவர்கள் நேராகச் சொல்லும் பேச்சு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் என் மேல் விழுந்து தெரிந்தது. "உன் கதை என்று நினைத்து உனக்காகச் சண்டை போட்டேன். அது இன்னொரு பெண்ணின் கதை. அவளைக் கேட்காமல் நாம் எல்லோரும் அதை வைத்துக் கைதட்டியிருக்கிறோம். நானும் அவளைக் கேட்டிருக்க வேண்டும்."

போனை எடுத்து ஏதோ டச்சில் பேசினார். பத்து நிமிடம்தான். பொதுத்தளத்தில் இல்லை, மாணவர் பதிவில் இல்லை, அறிக்கையும் இல்லை. மூன்றாவது ஆளைப் பற்றிய செய்தி, அவர் சம்மதம் இல்லை என்றால் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டமாம்.

பத்து நிமிடம். வியாழக்கிழமையே நான் வாயைத் திறந்து 'இல்லை' என்று சொல்லியிருந்தால் வியாழக்கிழமையே போயிருக்கும். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள்.

பெயரைப் பார்த்ததும் போன் கையிலிருந்து விழுந்துவிட்டது. எடுத்துக் காதில் வைத்தால் பாப்பா ஏதோ பாடுவது கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அழுதுவிட்டேன்.

"அழுகாத. எனக்கு நேரமில்ல" என்றாள். மதுரையில் அவளோடு பி.எட். படித்த ஹெப்சிபா டீச்சர் வீட்டில் இருக்கிறாளாம். நேற்றுதான் மாமாவுக்கும் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, வீடியோவ எடுத்துட்டாங்க. அந்தத் தமிழ் தப்பா..."

"பாத்தேன். வச்சிக்கிட்டாகளாம். பூட்டுனாகன்னு சொல்ல ஒனக்கு இங்கிலீஷ்ல வார்த்த கெடைக்கலயாக்கும். அப்பாவக் காப்பாத்தியிருக்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னொருத்தரையும் காப்பாத்தியிருக்கியே. யாரோ போனக் காட்டுனாகளாம்ல?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீதான் தொறந்து குடுத்தன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி. போனு மேல விரலால அந்தக் கோலம் போட்டுத் தொறக்குறது ஒனக்கு மட்டுந்தான் தெரியும். நான்தான் ஒனக்கு கேம் வெளையாடச் சொல்லிக் குடுத்தேன்."

"அப்பா கேட்டாருக்கா. சும்மா பாத்துட்டுத் தர்றேன்னாரு. எனக்கு..."

"தெரியும். சின்னப் புள்ள. அப்பா கேட்டா யாருதான் குடுக்க மாட்டாக. அஞ்சு மாசம் ஒரு நாளும் ஒம்மேல எனக்குக் கோவம் வரல. தட்டு எடுக்க வரும்போது எம் மொகத்தப் பாக்காமத் திரும்பிப் போவியே, அதுதான் பொறுக்காது. ஒரு நாளாச்சும் எப்பிடிக்கா இருக்கன்னு கேப்பன்னு இருந்தேன். பதினோரு வருசம். எங்கிட்டக் கேக்காம, அங்க போயி முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டச் சொல்லியிருக்க."

"மன்னிச்சிருக்கா."

"இப்ப நீ சின்னப் புள்ள இல்ல மோனி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மன்னித்தாள் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி வந்த மின்னஞ்சலை இன்று மறுபடி திறந்தேன். அன்று மூன்று முறை படித்திருக்கிறேன். வேலை ஒன்றும் இருக்கவில்லை. என்னை அத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள் என்பது பிடித்திருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

வகுப்பில் யோஸ்ட் என் பக்கத்தில் உட்காரவில்லை. பிறகு அவனே வந்து, "எனக்குக் கோபமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது" என்றான். சரி என்றேன். சொல்லிவிட்டுப் போய்விட்டான். நம் ஊரில் இதற்கு ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்திருப்போம்.

அக்டோபர் 26, சனி

அக்கா மறுபடி கூப்பிட்டாள். அவளாக. முரளி மாமா மதுரைக்குப் போயிருக்கிறார், அவளைக் கூட்டிவர. ஹெப்சிபா டீச்சர் காபி வைத்துவிட்டுப் பாப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு கேட்டாரு" என்றாள் அக்கா. "கல்யாணத்துக்கு முன்னாடி எத்தன பேருக்கு என்னென்னவோ இருக்கும், நான் அதுக்கா கோவப்படப் போறேன், பூட்டி வச்சத ஏன் சொல்லலன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க ஏன் கேக்கலன்னு கேட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"வருசா வருசம் தீபாவளிக்கு மாப்பிள பொண்ணுன்னு அந்த மாடி ரூம்லதான எங்களப் படுக்க வைப்பாக. ஊருல எல்லா ரூமுக்கும் உள்பக்கந்தான் தாழ்ப்பா இருக்கும். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கு. முழங்கை நீளத்துக்கு. அப்பா நம்ம இரும்புக்கடையிலருந்து எடுத்துட்டு வந்து அடிச்சது. ஆறு தீபாவளி அதத் தொட்டுத் தள்ளிக்கிட்டுத்தான உள்ள வந்தீங்க, இது எதுக்கு வெளிய இருக்குன்னு ஒரு தடவகூடக் கேக்கலயேன்னு சொன்னேன்."

அந்தத் தாழ்ப்பாளை நானும்தான் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். அது இருப்பதையே மறந்துபோயிருந்தேன். பதினோரு நிமிடத்தில் எத்தனையோ சொன்னேன், அதைச் சொல்லவில்லை. நினைவிலேயே இல்லை.

"மாமா என்ன சொன்னாரு?"

"பாத்துருக்கேன்னாரு. மொத வருசமே பாத்தாராம். பெரியவங்க வீட்டு விசயம், எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டாராம். சொல்லிட்டுக் குனிஞ்சு ஒக்காந்துட்டாரு. காபி ஆறிப்போச்சு."

"வீட்டுக்குப் போறியா?"

"போவேன். திங்கக்கெழம. பள்ளிக்கூடத்துக்கும் போவேன். எதுக்கு நான் லீவு போடணும்? எச்செம்கிட்ட நானே சொல்லிட்டேன், என்ன நடந்துச்சுன்னு. பூட்டுனாகன்னு. அந்தம்மா சரி வாங்கன்னுருச்சு."

"தீபாவளிக்கு?"

"அந்த வீட்டு மாடியேற மாட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன். காரணத்தையும் சொன்னேன். அப்பா பக்கத்துலதான் இருந்தாரு, கேட்டுருக்கும்."

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இங்கே வேலைநாள். ரவை வாங்கிக் கேசரி கிளறினேன், சர்க்கரை போதவில்லை.

காலையில் அம்மா கூப்பிட்டாள். அக்கா வரவில்லை. மாமாவும் வரவில்லை. விருதுநகரிலேயே பாப்பாவோடு வெடி வெடித்தார்களாம்.

"அப்பா நேத்து சாயங்காலம் திருப்புளியத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனாருடி. நான் எதுக்குன்னு கேக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு எறங்கி வந்தாரு. அந்தத் தாழ்ப்பாளக் கழட்டிட்டாரு. துருப்பிடிச்சு மரத்தோட பேந்துக்கிட்டு வந்துருக்கு. கதவுல ஆறு ஓட்ட. பட்டி போட்டு அடச்சு பெயிண்ட் அடிக்க நாளைக்கு ஆளு வருதாம். ஒங்கக்காகிட்டச் சொல்லு. நான் சொன்னா போன வச்சிருவா."

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது. 'அடைக்க வேணாம்னு சொல்லு. அப்பிடியே இருக்கட்டும். பாக்குறவங்க எதுக்குன்னு கேக்கட்டும்.'

அம்மாவை மறுபடி கூப்பிட்டு, போனை அப்பாவிடம் கொடு என்றேன். பேச மாட்டார்டி என்றாள். காதில் வை, போதும் என்றேன். அவர் மூச்சு கேட்டது. பதினைந்து நாளாயிற்று கேட்டு.

"அப்பா, கதவுல அந்த ஓட்டைய அடைக்க வேணாம். பெயிண்டும் வேணாம்."

"அவ சொன்னாளா?" என்றார்.

"ஆமாப்பா." "நானும் சொல்றேன்."

அந்தப் பக்கம் தெருவில் சரவெடி ஒன்று முழுதாக வெடித்து ஓய்ந்தது. அப்பா பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.